ஏழேகால் அங்குலத்தில் மடங்கும் பட்டறை மேஜை

தாம்பரம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டின் போர்டிகோ பத்தடிக்கு எட்டடி. இரண்டு ஸ்கூட்டர், ஒரு சைக்கிள், செருப்பு ஸ்டாண்டு, வரிசையாகத் தண்ணீர் கேன்கள் எல்லாம் அங்கேதான். வண்டிகள் வெளியே போனபிறகு கிடைக்கும் இடம்தான் என் பட்டறை. சாயங்காலம் வண்டிகள் திரும்பி வரும்போது பட்டறை இருந்த தடமே இருக்கக்கூடாது என்பது வீட்டு உத்தரவு. ஆகவே எனக்குத் தேவைப்பட்ட மேஜைக்கு இரண்டே நிபந்தனைகள். வேலை செய்யும்போது அசையக்கூடாது, வேலை முடிந்ததும் கண்ணில் படக்கூடாது.

மடித்துத் தூக்கிக்கொண்டு போகும் ரகம் ஒன்று கடையில் கிடைக்கிறது. லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன் கண்டுபிடித்தது அது. பிளாக் அண்ட் டெக்கர் 1970-களின் தொடக்கத்திலிருந்து வொர்க்மேட் என்ற பெயரில் விற்கிறது. மேல்பலகையே இரண்டாகப் பிரிந்து, மரத்தை நெருக்கிப் பிடிக்கும் வைஸாகவும் வேலை செய்யும், கெட்டிக்காரத்தனமான பொருள்தான். ஆனால் என் வேலையில் பாதி, பழைய மரத்தை இழைப்பது. இழைப்புளியைத் தள்ளும்போது உடம்பு எடை முழுக்கக் கிடைமட்டமாகப் போகும். எடை குறைந்த எந்த மேஜையும் அந்தத் தள்ளலுக்கு நகர்ந்து கொடுக்கும். அதில் ஒரு காலை ஊன்றிக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். மேஜை கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டடத்தோடு பிணைந்திருக்க வேண்டும். கனத்துக்கு இடமில்லை. அதனால் சுவர்.

சுவர் என்றதும் எல்லோரும் சொல்வது மடக்கு பிராக்கெட். இரண்டு முக்கோண பிராக்கெட், அதன் மேல் ஒரு பலகை, முடிந்தது வேலை என்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, பலகையின் முன் விளிம்பில் ஒருவர் 50 கிலோ அழுத்தம் கொடுக்கிறார் என்று வையுங்கள். பிராக்கெட்டின் செங்குத்து உயரம் ஓரடி. அப்படியானால் மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 100 கிலோ. இது சும்மா சாய்ந்து நிற்கும்போது. சுத்தியலால் அடித்தால், உளியைக் கொட்டினால், அந்தப் பிடுங்கல் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். செங்கல் சுவர் நசுக்கலைத் தாங்கும், பிடுங்கலைத் தாங்காது. அதே மேஜைக்கு முன்பக்கம் தரையில் ஊன்றிய கால் இருந்தால் முன் விளிம்பில் விழும் எடை கிட்டத்தட்ட முழுக்கத் தரைக்கே போய்விடும். நடுவில் விழுந்தால் பாதிக்குப் பாதி. சுவரிலிருக்கும் போல்ட்டைக் கீழே அழுத்தும், வெளியே இழுக்காது. பிராக்கெட் அலமாரிக்குச் சரி, டிவிக்குச் சரி. பட்டறை மேஜைக்குக் கால்தான்.

அடுத்த கேள்வி: பலகை கீழே மடங்குவதா, மேலே மடங்குவதா? கீழே மடங்கினால் மேலே சுவர் முழுக்கக் கருவிகள் மாட்டக் கிடைக்கும். பார்க்கவும் அழகு. ஆனால் பலகையின் அகலம் 22 அங்குலம், காலின் நீளம் 31 சொச்சம். பலகையைவிட நீளமான கால் அதன் பின்னால் மடங்கி ஒளிய இடமே கிடையாது. கதவு மாதிரித் திறக்கும் கால்களைச் சுவரில் தனியாகக் கீல் போட்டு மாட்டலாம், ஆனால் எங்கள் போர்டிகோ தரையில் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருக்கிறார்கள். திறந்த நிலையில் தரையைத் தொடும் அளவுக்குக் காலை வெட்டினால், சுவர்ப் பக்கம் திருப்பும்போது தரை மேடாகி உரசும். ஒவ்வொரு முறையும் ஆப்பு வைத்து எடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

மேலே மடங்கும் பலகையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கால்களைப் பலகையின் அடியில், முன் விளிம்பை ஒட்டிக் கீலில் தொங்கவிட்டால் போதும். பலகையைத் தூக்கிச் சுவரோடு நிறுத்தினால் கால்கள் தானாகவே முன்னால் தொங்கும். இறக்கும்போது தன் எடையிலேயே செங்குத்தாக நின்று நேரே தரையில் வந்து உட்காரும். கையால் விரிக்க வேண்டிய வேலையே இல்லை. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணனிடம் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது, "காலு தானா வந்து நிக்கும்னா நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மேல நிக்கிறது தானா வந்து வுழுந்தா?" என்றார். அந்தக் கேள்விக்கான பதிலைக் கீழே சொல்கிறேன்.

மேஜையின் அளவை நான் தீர்மானிக்கவில்லை, பிளைவுட் ஷீட் தீர்மானித்தது. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று. அதை நீளவாக்கில் 22 அங்குல அகலத்துக்கு இரண்டு பட்டை அறுத்தால் 44 அங்குலம் போகும். ரம்பம் தின்பது ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு நூல். (ஆசாரிக் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், முக்கால் அங்குலப் பலகையை ஆறு நூல் பலகை என்றுதான் கேட்பார்கள்.) மிச்சம் மூன்றே முக்கால் அங்குலத்தில் எட்டடி நீளப் பட்டை ஒன்று. இரண்டு பெரிய பட்டைகளிலிருந்தும் ஐந்தடி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் மேல்பலகை. ஒல்லிப் பட்டையில் ஐந்தடி, சுவரோடு நிரந்தரமாகக் கிடைமட்டத்தில் இருக்கும் பின்பலகை. மேல்பலகை கீலில் மடங்குவது இதன் முன்விளிம்பில்தான். பலகையை மேலே மடக்கினால் அதற்கும் சுவருக்கும் நடுவே அந்த மூன்றே முக்கால் அங்குலம் காலியாக இருக்கும். உளி, மூலைமட்டம், கைரம்பம், திருப்புளி எல்லாம் அந்த இடுக்கில் சுவரிலேயே தொங்குகின்றன. மேஜையை இறக்கினால் கருவிகள் கண்ணெதிரே, தூக்கினால் மறைந்துவிடும். இதை முதலில் திட்டமிட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஷீட்டில் மிஞ்சிய பட்டை கொடுத்த யோசனை அது.

பிளைவுட் வாங்கும்போது ஒரு பேச்சு. சாரல் அடிக்கும் இடம் என்பதால் ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட ரகம் எடுத்தேன். கடையில் "செவன் டென்" என்று கேட்டாலே புரியும். வீட்டுக்குள் வைப்பதென்றால் 303 போதும். முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காமல் ஷீட்டின் நான்கு விளிம்பையும் பாருங்கள். நடு அடுக்குகளில் விரல் நகம் போகும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் உள்ளேயும் பொந்து இருக்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. கடைக்காரர் பொறுமை இழப்பார், பரவாயில்லை.

கால்களுக்கும் சுவர்ச் சட்டத்துக்கும் புது மரம் வாங்கவில்லை. சென்னையில் பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைகளில் தேக்குச் சட்டங்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். பல வருஷம் கூரையில் காய்ந்த மரம் இனிமேல் அவ்வளவாக வளையாது, முறுக்காது. வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுத்தால் கரையான் பயமும் குறைவு. ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதியைக் கரையான் விடாது, அதை அறுத்துத் தள்ளிவிட வேண்டும். ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மேலே தெரியும் ஆணியைப் பிடுங்கிவிடலாம். தலை உடைந்து மரத்துக்குள்ளேயே புதைந்திருக்கும் ஆணிதான் இழைப்புளியின் தகட்டைப் பதம் பார்க்கும். காந்தத்தை மெல்லத் தேய்த்துக்கொண்டே போனால் அந்த இடத்தில் ஒட்டி இழுக்கும். அதே கடையில் பழைய ஜன்னல் கொக்கிகளும் கிடைத்தன. அவற்றுக்கு வேலை இருக்கிறது.

இரண்டு பலகையையும் ஒட்டுவதில் கவனிக்க வேண்டியது வேகம். வெள்ளைப் பசை சென்னை வெயிலில் பத்து நிமிஷத்தில் தோல் கட்ட ஆரம்பித்துவிடும். ஐந்தடிப் பலகை முழுக்கத் தூரிகையால் தடவிக்கொண்டிருந்தால் கடைசி மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை காய்ந்திருக்கும். பல் வெட்டிய பழைய பிளாஸ்டிக் அட்டையால் இழுத்தால் ஒரே சீராகப் பரவும். கிளாம்ப் அத்தனை என்னிடம் இல்லாததால், அடிப்பலகையின் கீழிருந்து ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூக்களை ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக இறக்கினேன். இரண்டும் சேர்ந்து ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால் நுனி மேலே எட்டிப் பார்க்காது. நடுவில் தண்ணீர் கேன்கள். இருபது லிட்டர் கேன் ஒன்று இருபது கிலோ. இதைவிட மலிவான எடைக்கல் கிடையாது. மறுநாள் வரை யாரும் அதில் தண்ணீர் பிடிக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைப்பதுதான் சிரமம்.

காய்ந்ததும் பலகை சுமார் இருபது கிலோ வந்தது. ஒரு பக்கம் கீலில் இருப்பதால் தூக்கும்போது கைக்கு வருவது பாதி, அதனோடு கால்களின் எடை. இதற்கு மேல் கனமாக்கினால் தினமும் தூக்க அலுப்பாகிவிடும். அலுப்பானால் மேஜை நிரந்தரமாக விரிந்தே கிடக்கும். ஆறடி, மூன்று அடுக்கு என்றெல்லாம் ஆசைப்படாததற்குக் காரணம் அதுதான்.

சுவர் வேலைக்கு வருகிறேன். உயரம் முதலில். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் எல்லா வேலைக்கும் ஒத்துவரும் உயரம். எனக்கு 33 அங்குலம். இழைப்பது மட்டுமே வேலை என்றால் இன்னும் தாழ்வாக, உள்ளங்கை மட்டத்தில் இருக்கலாம். நுணுக்கமான வேலைக்கு இன்னும் உயரம் வேண்டும். ரசமட்டத்தை வைத்துச் சுவரில் கோடு போட்டேன். தரையிலிருந்து இரண்டு பக்கமும் 33 அளந்து சேர்த்தால் வாட்டத்தால் கோடே சாய்ந்துவிடும். ஒரு பக்கம் அளந்தால் போதும், மற்றது ரசமட்டம் சொல்வதுதான்.

நாலுக்கு மூணு தேக்குச் சட்டத்தின் நாலு அங்குல முகம் சுவரோடு. இறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் பத்து மில்லிமீட்டர் ஸ்லீவ் ஆங்கர் போல்ட் நான்கு. செங்கல் சுவரில் துளை போடும்போது தூளின் நிறத்தைப் பாருங்கள். முதல் முக்கால் அங்குலம் சாம்பல் நிறத்தில் கொட்டும், அது பூச்சு. அதன்பிறகு சிவப்பாக மாறினால் செங்கல்லில் இருக்கிறீர்கள். சாம்பலாகவே வந்துகொண்டிருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவிலிருக்கும் கலவையில் இறங்கிவிட்டீர்கள். அங்கே ஆங்கர் நிற்காது. செங்கல் வரிசை ஏறக்குறைய மூன்றரை அங்குலத்துக்கு ஒன்று. அதனால் சட்டத்தில் ஓட்டை போடுவதற்கு முன், சட்டத்துக்குப் பின்னால் மறையும் இடத்தில் மெல்லிய பிட்டால் சுவரைச் சோதித்துக் கல்லின் நடுவைக் கண்டுபிடித்துக்கொண்டேன். பூச்சுக்கு வலு கிடையாது, அதைக் கழித்துவிட்டு உள்ளே இரண்டு அங்குலமாவது கல்லில் பிடிக்கும் நீளத்துக்கு போல்ட் வேண்டும். சட்டத்தில் ஓரங்குல ஆழத்துக்குப் பெரிய குழி எடுத்து போல்ட்டின் தலையை உள்ளே புதைத்தேன். இறுக்கும்போது கை கொஞ்சம் அடங்க வேண்டும். கான்கிரீட்டில் இறுக்குவதுபோல் செங்கல்லில் இறுக்கினால் கல் உள்ளேயே பிளந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

மூன்று அங்குலச் சட்டத்தின் மேல் மூன்றே முக்கால் அங்குலப் பின்பலகை. முன்னால் முக்கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அதே பிளைவுட்டின் துண்டைச் சட்டத்தின் முகத்தில் ஒட்டி நிரப்பியாகிவிட்டது. இப்போது பின்பலகையின் முன்முகமும் மேல்பலகையின் பின்முகமும் ஒன்றையொன்று முட்டி நிற்கும். இந்த முட்டல்தான் முழு மேஜைக்கும் உயிர். கீல்கள் மேல்முகத்தில் இருக்கின்றன. பலகை மேலே எழும்பும், ஆனால் கிடைமட்டத்துக்குக் கீழே போக முயன்றால் இரண்டு விளிம்பும் முட்டிக்கொண்டு தடுத்துவிடும். நாலு அங்குல எவர்சில்வர் கீல் நான்கு போட்டேன். கடல் காற்றுக்குச் சாதா இரும்பு தாங்காது. கீலின் தகடு பலகையோடு சமமாக உட்காரும் அளவுக்கு உளியால் குழி. நடுவிலுள்ள உருளைப் பகுதி கீழ்ப்பக்கம் இறங்குவதற்கு இரண்டு விளிம்பிலும் சின்னப் பள்ளம். முடிந்ததும் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படக்கூடாது. பிளைவுட்டின் முகத்தில் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும், விளிம்பில் இறக்கினால் அடுக்குகளைப் பிரித்துவிடும். கீலை முகத்தில் போட இதுவும் ஒரு காரணம்.

கால்கள் மூணுக்கு ரெண்டு சட்டம். மடக்கி வைத்தால் பின்பலகை மூன்றே முக்கால், மேல்பலகை ஒன்றரை, கால் இரண்டு, ஆக ஏழேகால் அங்குலம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குறுக்குச் சட்டம் ஒன்று, மூலையில் பாதிக்குப் பாதி வெட்டி ஒட்டியது. கீல் காலின் சுவர்ப் பக்க முகத்தில் இருக்கிறது. அதனால் மேஜை விரிந்திருக்கும்போது காலின் தலை நேராகப் பலகையின் அடியில் முட்டி நிற்கும். எடை கீலின் மேல் ஏறாது, காலும் முன்பக்கம் வழுக்கிப் போக முடியாது. உள்பக்கம் மடங்க மட்டும் வழி உண்டு. தெரியாமல் முட்டியால் இடித்தால் மடங்கிவிடும் என்பதால் அந்தப் பழைய ஜன்னல் கொக்கிகள் இரண்டையும் காலுக்கும் பலகைக்கும் நடுவே சாய்வாக மாட்டியிருக்கிறேன்.

இரண்டு காலும் ஒரே நீளம் இல்லை. தரையின் வாட்டம் நேராக வெளியே போகாமல் ஒரு மூலையை நோக்கிப் போகிறது. பலகையை முட்டுக்கொடுத்து ரசமட்டத்தில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு காலுக்கும் அந்தந்த இடத்தில் தனித்தனியாக அளந்தேன். வித்தியாசம் மூன்று நூல். அடியில் கைத்தடிக்குப் போடும் ரப்பர் புஷ் மாட்டியிருப்பதால் ஈரம் மரத்தில் ஏறுவதில்லை, தரையிலும் வழுக்குவதில்லை.

ஆசாரி அண்ணன் கேட்ட கேள்வி இனி. கீலின் அச்சு பலகையின் சுவர்ப் பக்க முகத்தில் இருக்கிறது. பலகையின் கனம், கால்களின் கனம் எல்லாம் அதற்கு வெளிப்பக்கம். அதனால் எவ்வளவு நேராக நிறுத்தினாலும் அது முன்னால் விழத்தான் பார்க்கும். கால்களையும் சேர்த்து இருபத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கும் பொருள் குழந்தைகள் ஓடும் இடத்தில் விழக்கூடாது. எனவே பூட்டு இரண்டு. சுவரில் போல்ட் போட்ட கட்டையிலிருந்து வரும் சங்கிலி ஒன்று. பலகையின் பக்கவாட்டில் தடியான தாழ்ப்பாள் ஒன்று, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில். தாழ்ப்பாளை எடுத்தாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் காந்தம், ஒற்றைக் கொக்கி இதையெல்லாம் நம்பி யாரும் செய்துவிடாதீர்கள்.

மரத்தைப் பிடிப்பதற்கு இரும்பு வைஸ் வைத்தால் அதன் தாடை பலகையை மடிக்க விடாது. அதனால் வைஸைத் தனியாக ஒரு கட்டைப் பலகையில் பொருத்தி, தேவைப்படும்போது இரண்டு ஜி கிளாம்ப்பால் மேஜையில் பிடித்துக்கொள்கிறேன். கிளாம்ப் பிடிக்க வசதியாகத்தான் கால்களை முன் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வைத்தது. இழைப்பதற்கு அதுவும் வேண்டாம். மேல்பலகையில் முக்கால் அங்குல ஓட்டைகள் ஒரு வரிசை, அதில் செருக உருட்டுக்கட்டைத் துண்டுகள். மரத்தை அவற்றுக்கு முட்டக் கொடுத்து, மறுபக்கம் ஆப்பைத் தட்டினால் இறுகிவிடும்.

இதைப் பார்த்துவிட்டு ஆசாரி அண்ணன் சொன்னது: "மரத்தப் புடிக்கிறதுக்கு ஆண்டவன் ரெண்டு காலு குடுத்துருக்கான். நீ எதுக்குத் தம்பி ஓட்ட போட்டுக்கினு இருக்க?" அவர் தரையில் உட்கார்ந்து, பலகையின் நுனியைப் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே உளியை ஓட்டுவார். மரம் அசைவதே இல்லை. நம் ஊர் ஆசாரிகளுக்கு மேஜை தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். பட்டறையைச் சாக்குப் பையில் சுற்றி எந்த வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். இடச் சிக்கனம் என்று பார்த்தால் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. "முட்டி மடங்க மாட்டேங்குதுண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே என் மேஜையில் ஒரு கதவுச் சட்டத்தை வைத்து இழைத்துப் பார்த்தார். "ஆடலை" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

விளிம்புகளுக்குத் தேக்கு பீடிங் அடித்தாயிற்று, இல்லாவிட்டால் பிளைவுட் ஓரம் சிராய்த்துக்கொண்டே இருக்கும். வார்னிஷ் பூசவில்லை. பளபளப்பான பலகையில் மரம் வழுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்தது மட்டும்தான். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவைத்து அப்புறம் குப்பையில் போட வேண்டும்.

புழக்கத்தில் தெரிந்த ஒரே பராமரிப்பு, கீல் ஓரத்து இடுக்கு. பலகையைத் தூக்கியதும் மரத்தூளும் சீவலும் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு சின்னச் சீவல் இருந்தாலும் விளிம்புகள் முழுக்க முட்டாது, பலகையின் முன்பக்கம் கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கும், கால்கள் தரையைத் தொடாது. பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றைச் சங்கிலிக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். இறக்குவதற்கு முன் ஒரு இழுப்பு.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை அப்படியே செய்ய முடியாது. இப்போதைய கட்டடங்களில் சுவர் பெரும்பாலும் ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான சிமென்ட் கல்) அல்லது பொள்ளல் கல் (ஹாலோ பிளாக்). ஸ்லீவ் ஆங்கர் அதில் நிற்காது. அங்கே சுவர்ச் சட்டத்துக்கும் தரைவரை இரண்டு கால் கொடுத்துவிடுங்கள், சுவரை ஒட்டியே நிற்பதால் இடம் எதுவும் கூடுதலாகப் போகாது. எடை முழுக்கத் தரைக்கு இறங்கிவிடும். சட்டம் முன்னால் சாயாமல் பிடிப்பது மட்டும்தான் சுவரின் வேலை. அதற்கு நீளமான பிளாஸ்டிக் பிளக்கும், கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் துளையில் பசை நிரப்பிப் பிடிக்க வைக்கும் கெமிக்கல் ஆங்கரும் போதும். பொள்ளல் கல்லில் துளை போடும்போது டிரில்லின் சுத்தியல் பொத்தானை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்சுவர் உதிர்ந்து பிளக் பிடிக்க ஒன்றுமே இருக்காது.